மாடிவீட்டு வைஃபைக்கு இரண்டு பூட்டு

பாப்பா,

நேற்று முன்தினம் சாயங்காலம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "பால் பொங்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. சொல்வதற்குப் பதில் இல்லாததால்தான் வைத்தேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், சலித்துக்கொள்ளாமல் படி. நீ படித்த பிறகு மாப்பிள்ளையிடம் கொடு. அவர் படித்ததும் உன் மாமியாரிடம் கொடுக்கட்டும். போலீஸ் விஷயத்தில் உன் மேல் ஒரு பொட்டுத் தப்பும் கிடையாது, எல்லாம் உன்னைப் பெற்றவள் செய்த வேலை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதை உன் வாயால் நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒட்டாத கவரில் அனுப்புகிறேன்.

கல்யாணம் முடிந்து ஆறு நாள் ஆகிறது. மலை சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற மாடி ரூம் நான்கும் காலி, சாவிகள் ஆணியில் தொங்குகின்றன. நான் மாடி வராந்தாவில் அந்த வைஃபை பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த விடியற்காலை நேரத்தில் அடி அண்ணாமலை ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உன் மாமியாருக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். மலை நம் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. பௌர்ணமி வந்தால் மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வெறுங்காலோடு லட்சம் பேர் நடக்கும்போது செருப்புச் சத்தம் இல்லாமல் ஒரு சத்தம் வரும். சின்னப் பிள்ளையில் நீ அதைக் கேட்டபடியே தூங்குவாய். காலையில் எழுந்ததும், "ம்மா, இன்னுமா போய்க்கினே இருக்காங்க?" என்று கேட்பாய். மேற்கே கழனிப் பக்கம் நிலா வெளுத்து இறங்கும், மலைக்குப் பின்னால் வெளிச்சம் வரும், நடுவில் ஜனங்கள் யார் முகமும் தெளிவாகத் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் நடந்ததெல்லாம் நிஜமா, நானாக நினைத்துக்கொண்டதா என்று பல தடவை சந்தேகம் வந்திருக்கிறது.

உன் அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். அதிர்ந்து பேசாத மனுஷன். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால்கூடச் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடித்துவிட்டு எழுந்து போவார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமிக்குச் சுற்றப் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் கேட்டில் ஒரு தாள் சொருகியிருந்தது. "நல்லா இருக்கேன். சுத்திக்கிட்டே இருக்கணும்னு தோணுது. தேடாதீங்க." அவ்வளவுதான். இந்த ஊரில் இது புதிதில்லை. எங்கெங்கோ குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வந்து காவி கட்டிக்கொண்டவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சோறு போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்கள் வீட்டில் ஒருத்தி இருப்பாளே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். நீ அழவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவர் சட்டைகளை எடுத்து, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினாய். அதற்குப் பிறகு அப்பா என்ற வார்த்தையே உன் வாயில் வரவில்லை. பேச வேண்டி வந்தால் "அந்த ஆளு" என்பாய்.

அவர் போவதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் இந்த வீட்டுக்கு வைஃபை வந்தது. ரூமுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள் என்று நீதான் வாங்க வைத்தாய். கனெக்‌ஷன் உன் பெயரில் எடுத்தோம். பெட்டியை மாடி வராந்தாவில் நீயே மாட்டினாய். "மாடிவீடு" என்று அதற்குப் பெயர் வைத்தாய். பாஸ்வேர்டு மட்டும் உன் அப்பா சொன்னது, மலையின் பெயரும் பின்னால் நூற்றெட்டும். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "இந்த ரோட்ல பாதி வீட்டுப் பாஸ்வேர்டு இதாம்ப்பா இருக்கும்." "இருக்கட்டுமே, மறக்காதில்ல" என்றார். அன்றைக்கு நீ பெட்டியின் பக்கத்தைப் போனில் திறந்து எனக்குக் காட்டினாய். எந்தெந்த போன் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு போனுக்கும் அதற்கென்று ஒரு நம்பர் உண்டு, அதற்குப் பக்கத்தில் நாம் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் அம்மா, அப்பா, நான் என்று மூன்று பேரையும் பதிந்து வைத்தாய்.

அவர் போய் மூன்று மாதம் கழித்து, ஒரு பௌர்ணமி விடியற்காலை. கீழே அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நம்பர் ரூம்காரர் நெட் சுத்தமாக வரவில்லை என்று சத்தம் போட்டார். யார்தான் இழுக்கிறார்கள் பார்ப்போம் என்று பட்டியலைத் திறந்தேன். ரூம்காரர்கள் போன் ஏழெட்டு இருந்தன. அவற்றுக்கு நடுவில் அப்பா என்று இருந்தது.

கரண்டியோடு ஓடினேன், பாப்பா. கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். எங்கே பார்த்தாலும் காவி, எங்கே பார்த்தாலும் தாடி. ஒவ்வொருத்தர் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் டீக்கடை பாய் கூப்பிட்டுக் கேட்டார், "இன்னாக்கா, கரண்டியோட யாரத் தேடற?" "ஒண்ணுமில்ல பாய், பூனை" என்றேன். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. தோசைக்கல் கருகிப் போயிருந்தது. ரூம்காரர் படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு நான் எங்கும் ஓடவில்லை. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். ஐந்தரை மணி வாக்கில் வந்தது, எட்டு நிமிடம் இருந்தது, போய்விட்டது. எனக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது. மறுநாள் என் போனை எடுத்துக்கொண்டு தேங்காய்க் கடையிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடந்து பார்த்தேன். சிக்னல் பிடிக்கிற இடத்திலிருந்து விடுகிற இடம் வரைக்கும், நான் எவ்வளவு மெதுவாக நடந்தாலும், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாலைந்து தடவை நடந்தேன். டீக்கடை பாய்க்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. நடந்து போகிறவருக்கு இரண்டு நிமிடம் என்றால், எட்டு நிமிடம் இருக்கிறவர் நிற்கிறார். நம் வீட்டுக்கு எதிரே எங்கோ நிற்கிறார். அது தெரிந்த அன்றைக்கு நான் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அதைச் சொன்னதும், என்ன விசேஷம் என்று நீ ஹாஸ்டலிலிருந்து போனில் கேட்டாய். வெயில் ஜாஸ்தி, அதனால் குளித்தேன் என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு மாதம் என்பது பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று ஆகிவிட்டது. சில மாதம் வரும், சில மாதம் வராது. வராத மாதம் அவர் வடக்கே எங்காவது போயிருப்பார் என்று நானே ஒரு ஊரை நினைத்துக்கொள்வேன். எப்படியிருப்பார், இளைத்திருப்பாரா, அந்தப் பழைய போனுக்கு எங்கே சார்ஜ் போடுகிறார் என்றெல்லாம் யோசிப்பேன். வருகிற மாதம் அந்த எட்டு நிமிடமும் கையில் வேலை ஓடாது. மாவு புளித்தாலும் புளிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். அவர் அந்தப் பக்கம் நிற்கிறார், நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஒரு பெட்டி பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோதுகூட நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ பெங்களூரிலிருந்து லீவில் வந்தபோது பாஸ்வேர்டு டீக்கடைச் சுவரில் கரியால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டாய். அன்றைக்கு ஆடினாய் பார், அப்படி ஓர் ஆட்டம். என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாய். பூட்டே போடாமலும் விடலாம், அது கேட்டைப் பிடுங்கிப் போட்டதற்குச் சமம். ரொம்பப் பழைய பூட்டு ஒன்று இருக்கிறது, அதை அஞ்சு நிமிஷத்தில் உடைத்துவிடுவான். அதற்கப்புறம் வந்த பூட்டுகளில் ஒன்று டபிள்யூபிஏ இரண்டு, நம்முடையது அதுதான். புதிதாக மூன்று வந்திருக்கிறது. "ரெண்டுல இன்னா ஆபத்துன்னா, எவனாவது காத்துல போறத புடிச்சு வச்சிக்கினு, அவன் வீட்ல உக்காந்து ஆயிரம் பாஸ்வேர்டு போட்டுப் பாக்கலாம். மூணுல அது நடக்காது. ஒவ்வொரு தடவையும் நம்ம வாசலுக்கு வந்துதான் கேட்டாகணும். ஆனா பழைய போன் எதுவும் அதுல சேராது" என்றாய். நம் பெட்டியில் மூன்று வராது என்பதால் இரண்டிலேயே நல்ல நீளமான பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போனாய்.

அந்தப் பௌர்ணமிக்கு அவர் பெயர் வரவில்லை. வடக்கே போயிருப்பார் என்று நினைக்க முடியவில்லை, ஏனென்றால் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் வந்து நின்று, போனை எடுத்துப் பார்த்து, சேராமல், தன்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். என்னால் தாங்கவே முடியவில்லை. மறுநாளே கேபிள்காரரை வரச்சொல்லிப் பழைய பாஸ்வேர்டையே போட வைத்தேன். "ஏன்க்கா, பாப்பா போட்டது நல்லாத்தானே இருக்குது?" என்றார். "ரூம்காரங்களுக்கு அடிக்க வரலப்பா" என்றேன். எப்படிச் செய்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிறகு நீ வந்து மாற்றினால், நீ பஸ் ஏறுவதற்குள் நான் பழையபடி ஆக்கிவிடுவேன். நீ கண்டுபிடித்துக் கேட்டபோது என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ரோட்ல தண்ணிப் பந்தல் வைக்கறாங்க, அன்னதானம் போடறாங்க. நம்மால முடிஞ்சது இது. கிரிவலம் வர்றவங்க வீட்டுக்கு ஒரு போன் பேசிட்டுப் போகட்டும், அதுவும் ஒரு தர்மம்தானே?" நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தர்மமாவது மண்ணாங்கட்டியாவது. ஒரே ஒரு ஆளுக்காக ஊருக்கே கதவைத் திறந்து போட்டிருந்தேன். உன் நிச்சயதார்த்தம் முடிந்து இருபது நாளில் போலீஸ் வந்தது. மலையடிவாரத்தில் ரூம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி எவனோ ஒருத்தன் வெளியூர்ப் பெரியவர் ஒருவரை ஏமாற்றியிருக்கிறான். மெசேஜ் எல்லாம் நம் வைஃபையிலிருந்து போயிருக்கிறது. கனெக்‌ஷன் உன் பெயரில் இருப்பதால் உன்னை வரச் சொன்னார்கள். ராத்திரி பஸ் பிடித்து வந்து, பல்லைத் தேய்த்துவிட்டு, என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாய். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார்கள். "பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" "ரூமுக்கு வர்றவங்களுக்குத் தெரியும் மேடம்" என்று நான் சொன்னேன். அவர்கள் உன் பக்கம் திரும்பி, "நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கறீங்க? இதுகூட உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மேடம். நான் பாத்திருக்கணும்" என்றாய்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் பூட்டினாள், நான்தான் திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் திறந்தாய் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் அந்த போன் நம்பரைக் கேட்பார்கள், அவரைப் பிடித்து விசாரிப்பார்கள், அவர் பிறகு இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார். இதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டு, பெற்ற பெண் தலை குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து இந்த ஏமாற்று வேலையைச் செய்த ஒருத்தன்தான் என்று பிடித்தார்கள், உன் பெயரை விட்டுவிட்டார்கள். அதற்குள் பெண்ணுக்குப் போலீஸ் கேஸ் என்று சேதி உன் மாமியார் காதுக்குப் போய், இரண்டு முகூர்த்தம் தள்ளிப்போனது. சம்பந்தியம்மா, இதைப் படிக்கிறீர்கள் என்றால், நீங்கள் யோசித்ததில் தப்பே இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பேன். அந்த இரண்டு மாதமும் என் மகள் போனில் என்னிடம் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நீ புதுப் பெட்டியோடு வந்தாய். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, வராந்தாவில் கால்நீட்டி உட்கார்ந்து ஒரு மணி நேரம் என்னென்னவோ தட்டினாய். மருதாணி காயாத விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற விரலால் தட்டினாய். முடித்ததும் என் கையைப் பிடித்தாய். "ம்மா, வீட்டுக்கு மூணாவது பூட்டு போட்டிருக்கேன். ரூம்காரங்களுக்குப் புதுப் பாஸ்வேர்டு, மாசா மாசம் மாறும், உன் போனுக்கே வந்துடும். நீ எதையும் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். வேறென்ன செய்வது? உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தவள் நான்.  இனி அந்தப் பழைய போன் சேராது, அவர் வந்தாரா வரவில்லையா என்றுகூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே உன் கல்யாணத்துக்குப் பூ கட்டினேன். மண்டபத்தில் உன்னைத் தாரை வார்க்க உன் மாமாவும் அத்தையும் உட்கார்ந்தபோது நீ தலையைத் தூக்கி ஒரு தடவை வாசலைப் பார்த்தாய். போட்டோக்காரரைப் பார்க்கிறாய் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்போது சுருக்கென்றது, ஆனால் புரியவில்லை.

நீ போனாய். கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள் பௌர்ணமி. முதல் நாள் சாயங்காலமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரோட்டில் ஜனம் சேர ஆரம்பித்துவிட்டது, கற்பூர வாசனை மாடிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பூட்டிவிடலாம், அவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று சத்தியத்தை மீறிப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். முதலில் வீட்டுக்கு நீ வைத்த புதுப் பெயர், மூன்றாவது பூட்டு. அதற்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. மாடிவீடு. அதற்கு இரண்டாவது பூட்டு. பாஸ்வேர்டைப் பார்த்தேன், மலையின் பெயரும் நூற்றெட்டும். வீட்டில் உள்ள வேறெந்த போனோடும் சேராமல் அது தனியாக நிற்கும்படி வைத்திருந்தாய். அதில் நுழைய ஒரே ஒரு போனுக்குத்தான் அனுமதி என்று போட்டிருந்தது. அந்த நம்பருக்குப் பக்கத்தில் நீ உன் கையால் அப்பா என்று எழுதியிருந்தாய்.

உன் நம்பரை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். நீ எடுத்ததும், "எப்படிடி தெரியும்?" என்றேன். என்ன ஏது என்று நீ கேட்கவே இல்லை. "தொட்டுட்டியா?" என்றாய். பிறகு சொன்னாய். "அவருக்கு மாசா மாசம் மெசேஜ் போடுவேம்மா. திட்டித்தான் போடுவேன். ஒரு டிக்கோட நிக்கும். பௌர்ணமி காலைல ரெண்டு டிக் விழும். அந்த போன்ல நெட்டு கிடையாது, நம்ம வீட்டாண்ட வந்தாத்தான் போய்ச் சேரும்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான் கோவத்துல பாஸ்வேர்டு மாத்தின மாசம் விழல. அடுத்த மாசம் விழுந்துச்சு. அப்போ நீதான் மாத்தியிருக்கேன்னு தெரிஞ்சிது."

"அப்போ அந்த பெஞ்சுல உக்காந்திருந்தப்போ?"

"தெரியும்மா."

"ஏண்டி சொல்லல? எவ்ளோ அசிங்கப்பட்ட!"

"நீயே சொல்லல. நான் எப்படிச் சொல்றது?"

கல்யாணத் தேதியையும் போன பௌர்ணமிக்கு முன்னால் அவருக்கு அனுப்பியதாகச் சொன்னாய். இரண்டு டிக் விழுந்ததாம். மண்டபத்தில் நீ எதற்காக வாசலைப் பார்த்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேங்காய்க் கடைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே நான் நடந்து பார்த்த கதையை உளறிவிட்டேன். அப்போதுதான் நீ கேட்டாய். "எட்டு நிமிஷம் வாசல்லயே நிக்கறாருன்னு உனக்குத் தெரியும். அஞ்சு வருஷமா நீ ஏம்மா வெளிய வரல?"

இதுதான் பதில். முதலில் பயம். நான் போய்ப் பார்த்தால், பார்த்துவிட்டாள் என்று வேறு ஊர்ப் பக்கம் போய்விடுவாரோ என்று பயம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். எனக்கு வீம்பு, பாப்பா. என்னை வேண்டாம் என்று போனவர், அவராக வந்து கதவைத் தட்டட்டும் என்று வீம்பு. பூட்டை மட்டும் அவருக்காகத் திறந்து வைத்தேன், நான் திறந்து வரவில்லை. அந்த வீம்புக்கு ஊரை உள்ளே விட்டேன், உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நீ இப்போது ஒரு குடும்பத்துக்குப் போயிருக்கிறாய். எனக்காகவோ அவருக்காகவோ மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எதையும் திறந்து வைக்காதே. சண்டை வந்தால் வாயைத் திறந்து போடு, என்னைப் போலச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்காதே. நீ செய்த மாதிரி வீட்டைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு, வேண்டியவருக்குத் தனியாக ஒரு வழி வைக்க முடியும் என்று எனக்கு இந்த வயது வரைக்கும் தோன்றவே இல்லை.

நேற்று விடியற்காலை நான் பட்டியலைத் திறக்கவில்லை. போனை அடுப்படியில் வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன். கழனிப் பக்கம் நிலா இன்னும் இருந்தது. தூரத்தில் யாரோ பாடிக்கொண்டு போனார்கள், கிட்டே வருகிற மாதிரியும் இருந்தது, போகிற மாதிரியும் இருந்தது. நம் கேட்டில் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. அதை ஒட்டி ஒருத்தர் நின்று போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெள்ளை. கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. இளைத்துத்தான் போயிருக்கிறார். போனில் நீ மாலையும் கழுத்துமாக இருந்தாய்.

"ஏங்க" என்றேன்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "இல்ல… போயிடறேன்" என்றார்.

"நான் போகச் சொல்லல."

 ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் அந்த மனுஷன் கேட்டார் பார், "நெட்டு நல்லா வேகமா வருதே. புதுப் பெட்டியா?" சிரிப்பதா, நாலு வைப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

"ஆமா. உங்க பொண்ணு வச்சிட்டுப் போயிருக்கா."

"பாஸ்வேர்டு இன்னும் அதேதானா? மாத்தலயா?"

"வீட்டுக்கெல்லாம் மாத்தியாச்சு. உங்களுக்கு மட்டும் மாத்தல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கோவமா இருக்காளா?" என்றார்.

"அத ஏன் என்னக் கேக்கறீங்க? கையிலதானே இருக்குது. அவளையே கேளுங்க."

நான் தள்ளிப் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வாங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதைக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். ஐந்து வருஷமாக உனக்கு ஒரு வரி பதில் போடாதவர், மலைக்குப் பின்னால் நன்றாக விடிகிற வரைக்கும் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று தட்டினார். பிறகு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஜனத்தோடு ஜனமாக நடந்து போய்விட்டார்.

என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மெசேஜுக்கும் ஒரு பூட்டு உண்டு, அனுப்பினவரும் வாங்கினவரும் தவிர, அது வழியாகப் போகிற பெட்டிக்குக்கூட உள்ளே இருப்பது தெரியாது என்று நீதான் ஒரு நாள் சொன்னாய். தினமும் மூன்று தடவை கூப்பிடுகிறவள் நேற்றிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அது உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்ல வேண்டாம், பாப்பா. அவருக்குப் பதில் எழுது.

அம்மா